தாம்பரம் இல்லை, தாம்பெரே

எங்கள் தெருவில் பாதிப் பேர் நான் தாம்பரத்தில் படித்ததாகத்தான் இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அம்மா சரியாகத்தான் சொல்லுவாள், "தாம்பெரே" என்று. கேட்கிறவர் காதில் அது படப்பை, மண்ணிவாக்கம், முடிச்சூர் எல்லாம் தாண்டி நேராகத் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் போய் இறங்கிவிடும். "தாம்பரத்துல இன்னாடி அவ்ளோ குளிரு? பையனுக்கு ரெண்டு ஸ்வெட்டர் வாங்கினியாமே?" என்று பக்கத்து வீட்டு ஆயா கேட்டது எங்கள் வீட்டில் இன்றைக்கும் ஓடுகிற ஜோக்.

தாம்பெரே இருப்பது பின்லாந்தில். தலைநகர் ஹெல்சின்கியிலிருந்து வடக்கே, இரண்டு பெரிய ஏரிகளுக்கு நடுவில், மேல் ஏரித் தண்ணீர் கீழ் ஏரிக்கு இறங்குகிற இடத்தில் எழும்பிய பழைய மில் ஊர். வல்லக்கோட்டை முருகன் கோயில் பக்கம் பிறந்து, ஒரகடத்தில் இரண்டு வருஷம் குவாலிட்டியில் ஷிப்ட் பார்த்துவிட்டு, 2022 ஆகஸ்டில் அங்கே மாஸ்டர்ஸ் படிக்கப் போனேன்.

இப்போது எதற்கு இந்தப் பழைய கதை என்றால், போன வாரம் ஒரகடத்திலிருந்து ஒரு தம்பி மெசேஜ் அனுப்பியிருந்தான். "அண்ணா, அதே யூனிவர்சிட்டில அட்மிஷன் வந்துடுச்சு. குளிரு தாங்கிடலாமா? எத்தனை ஸ்வெட்டர் எடுத்துக்கணும்?" பதில் டைப் அடிக்க உட்கார்ந்தேன். அது போனில் அடங்கவில்லை.

தம்பி, உனக்குப் புரிகிற மாதிரியே சொல்கிறேன். மூன்று ஷிப்ட் ஓடுகிற இடத்தில் ஹேண்டோவர் என்று ஒன்று உண்டு, இல்லையா? கிளம்புகிறவன் லாக் புக்கில் நாலு வரி எழுதிவிட்டுப் போவான். மூணாம் நம்பர் மெஷினில் கூலன்ட் ஒழுகுது, அந்த கேஜ் லேசாகக் காட்டுது, பார்த்துக்கோ. அதை எழுதாமல் போனால் வருகிறவனுக்கு முதல் ஒரு மணி நேரம் போச்சு. எனக்குக் குளிர்காலத்தின் முதல் ஒரு மாதமே அப்படிப் போனது. உனக்குப் போகக் கூடாது. இதை என் ஹேண்டோவர் என்று வைத்துக்கொள்.

முதலில் வருவது இருட்டு

நீ போய் இறங்கும்போது ஆகஸ்ட். ராத்திரி எட்டரைக்கும் வெளிச்சம் இருக்கும். இதற்கா பயந்தோம் என்று தோன்றும். செப்டம்பர் கடைசியில் மரமெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக மாறும். அதற்கு அவர்கள் 'ருஸ்கா' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்புவாய். அத்தோடு தேன்நிலவு முடிந்தது.

அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை 4 மணிக்குக் கடிகாரத்தை 3 மணி ஆக்கிவிடுவார்கள். எனக்கு உடனே தோன்றியது, அன்றைக்கு நைட் ஷிப்டில் இருக்கிறவன் கதி என்ன, அந்த ஒரு மணி நேரத்துக்கு ஓ.டி. உண்டா என்பதுதான். மறுநாளிலிருந்து சாயங்காலம் நாலரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிட்டது. ஊரோடு இருந்த நேர வித்தியாசமும் இரண்டரை மணியிலிருந்து மூன்றரை ஆனது.

நவம்பருக்கு பின்னிஷ் மொழியில் 'மர்ராஸ்கூ' என்று பெயர். செத்துக்கொண்டிருப்பது என்கிற பொருளில் வருகிற பழைய சொல் அதில் இருக்கிறது. பெயர் வைத்தவன் சும்மா வைக்கவில்லை. அந்த மாதம் பனியும் நிலைத்து நிற்காது, வெயிலும் வராது. ஈரத் தார் ரோடு, மொட்டை மரம், சாம்பல் வானம், அவ்வளவுதான். பனி விழுந்த பிறகு தரையே வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், கொஞ்சம் தெளியும். அதற்கு முன்னால் இருக்கிற இந்த மூன்று நாலு வாரம்தான் ஆளைச் சாய்க்கும்.

என்னைச் சாய்த்தது. பதினொரு மணிக்கு எழுந்தேன். எழுந்தாலும் விடிந்த மாதிரி இல்லை. கிளாஸை லேப்டாப்பில் பார்த்துக்கொண்டேன், பிறகு அதையும் விட்டேன். ராத்திரி ரெண்டு மணிக்கு பிரெட் சாப்பிட்டேன். அம்மா கூப்பிட்டால் கேமராவை ஆஃப் பண்ணிவிட்டு "நெட் ஸ்லோம்மா" என்றேன்.

அம்மா நம்பினாள். அக்கா நம்பவில்லை.

அக்கா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் எட்டு வருஷமாக லைனில் இருக்கிறவள். ஜன்னல் இல்லாத ஹால். வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். "கேமராவைப் போடுடா" என்றாள். போட்டேன். என் மூஞ்சியைப் பார்த்துவிட்டுத் திட்டுவாள் என்று நினைத்தேன். "இன்னா டைம் அங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"மத்தியானம் மூணரை."

"குளிச்சியா?"

பதில் இல்லை.

"டேய், நைட் ஷிப்ட் வாரத்துல எனக்கு ஏதுடா சூரியன்? இருட்டுல பஸ் ஏறுவேன், டியூப் லைட்ல வேலை பாப்பேன், காலைல வந்து ஜன்னலுக்குப் பழைய புடவையைக் கட்டிட்டுப் படுப்பேன். பகலை ராத்திரி ஆக்கிக்கிறேன் இல்ல? உனக்கு ராத்திரியைப் பகலாக்கத் தெரியாதா? வெளிச்சம் வந்தா எழுந்திருக்கலாம்னு படுத்திருக்கியே, கம்பெனி பஸ் வெளிச்சம் பாத்தாடா வரும்?"

இதற்குமேல் எந்த மனநல நிபுணரும் எனக்குச் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து ஏழு மணிக்கு எழுந்து, குளித்து, சட்டை மாற்றி, கிளாஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் டிராம் ஸ்டாப்பில் போய் நின்றேன். அந்த ஊருக்கு டிராமே 2021 ஆகஸ்டில்தான் வந்தது. சிவப்பு நிறம், 3ஆம் எண் ஹெர்வாந்தா போகும். மாணவர்கள் நிறையப் பேர் இருக்கிற பகுதி அது. கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற அதே ஞாபகத்தில் நின்றேன். பத்து நாளில் உடம்பு மாறியது.

இன்னொன்றும் அக்கா சொன்னதுதான். இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தைத் தூங்கித் தொலைக்காதே. டிசம்பர் மூன்றாம் வாரத்தில் அங்கே சூரியன் காலை 9.40 வாக்கில் எழுந்து மத்தியானம் 3 மணிக்கு இறங்கிவிடும். நம்ம ஊரில் அதே நாளில் பதினொன்றே கால் மணி நேரத்துக்கு மேல் பகல். அதனால் பதினொன்றிலிருந்து ஒன்றுக்குள் அரை மணி நேரமாவது வெளியே நட. ஹெர்வாந்தாவில் சுவோலியார்வி என்று ஒரு ஏரி இருக்கிறது. ஏரி என்றதும் செம்பரம்பாக்கம் அளவுக்கு நினைக்காதே, சின்னதுதான். ஆனால் சுற்றி நடக்கப் பாதை இருக்கிறது. வைட்டமின் டி மாத்திரையையும் மறக்காதே. அந்த ஊர்க்காரர்களுக்கே போதவில்லை என்றுதான் 2003லிருந்து பாலில் அதைச் சேர்த்து விற்கிறார்கள். நம்ம தோலுக்கு இன்னும் கூடுதல் வெயில் வேண்டும்.

இதை எழுதும்போது ஒன்று உறைக்கிறது. 2024 ஆகஸ்டில் நம்ம வல்லம் வடகாலில் ஆலை வேலைக்கு வருகிற 18,720 பெண்கள் தங்கக்கூடிய விடுதியைத் திறந்தார்கள். ஊரை விட்டு வந்து, தெரியாத ரூம்மேட்டோடு, தெரியாத சாப்பாட்டோடு, ஷிப்டுக்குத் தகுந்தபடி உடம்பைப் பழக்கிக்கொள்கிற பெண்கள். வெளிநாட்டு மாணவன் என்று நான் ஒரு வருஷம் அலட்டிக்கொண்டதை அவர்கள் யாரும் பதிவு போடாமல் செய்துகொண்டிருக்கிறார்கள்.

நோக்கியா என்றால் டயர்

தாம்பெரேயிலிருந்து மேற்கே பதினைந்து கிலோமீட்டர் போனால் ஒரு சின்ன ஊர் வரும். பெயர் நோக்கியா. பஸ் போர்டில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு நான் ஒரு செகண்ட் அப்படியே நின்றேன். ஸ்ரீபெரும்புதூர்க்காரனுக்கு அந்தப் பெயர் வெறும் போன் இல்லை. 2006இல் ஸ்ரீபெரும்புதூருக்கு நோக்கியா ஆலை வந்தபோது நான் பள்ளிக்கூடப் பையன். உச்சத்தில் இருந்த காலத்தில் ஆயிரக்கணக்கான பேர், பெரும்பாலும் பெண்கள், அதில் வேலை பார்த்தார்கள். 2014 நவம்பர் 1ஆம் தேதியோடு உற்பத்தி நின்றது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 2012இல், பின்லாந்தில் சாலோ என்கிற ஊரில் இருந்த அவர்களுடைய சொந்த ஆலையிலும் போன் தயாரிப்பு நின்றுபோயிருந்தது. எங்களுக்கு நடந்தது எங்களுக்கு மட்டும் நடக்கவில்லை என்று தெரிந்துகொள்ள நான் அத்தனை தூரம் போகவேண்டியிருந்தது.

1865இல் தாம்பெரேயில் பாய்ந்திறங்கும் ஆற்றின் கரையில் மரக்கூழ் மில்லாக ஆரம்பித்த கம்பெனி அது. நோக்கியா ஊர் இன்னொன்றுக்கும் பெயர் போனது, டயர். குளிர்காலத்துக்கென்றே தனியாக டயர் செய்து 1934இல் விற்பனைக்குக் கொண்டுவந்தவர்கள் அங்கே இருக்கிற நோக்கியன் டயர்ஸ்காரர்கள்தான். ஒரகடம் ரோட்டில் டயர் கம்பெனியைப் பார்த்து வளர்ந்த எனக்கு, டயரில் குளிர்கால டயர் என்று ஒரு ஜாதி இருப்பதே தெரியாது. விஷயம் ரொம்ப எளிது. சாதாரண டயர் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே போகப் போகக் கெட்டிப்படும், ரோட்டைப் பிடிக்காது. குளிர்கால டயரில் அந்தக் குளிரிலும் இளகியே இருக்கிற ரப்பர் கலவையைப் போடுவார்கள்.

இந்தப் பாடத்தை நான் இடுப்பால் கற்றேன். ஊரிலிருந்து வாங்கிப்போன ஸ்போர்ட்ஸ் ஷூவோடு மைனஸ் எட்டில் டிராம் ஸ்டாப்புக்கு ஓடினேன். ஸ்டாப்புக்குப் பத்தடி முன்னால் கால் ரெண்டும் மேலே, நான் கீழே. எழுந்து ஷூவின் அடிப்பாகத்தைத் தட்டிப் பார்த்தேன். பிளாஸ்டிக் டப்பா மாதிரி டொக்கு டொக்கென்றது. ஊரில் மெத்தென்று இருந்த அதே சோல். டயருக்கு உள்ள நியாயம் ஷூவுக்கும் உண்டு. அதனால் ஷூவை அங்கே போய் வாங்கு. ஷூவுக்கு மேலே மாட்டிக்கொள்கிற ஆணி வைத்த பட்டையும் கிடைக்கும். ஓடாதே. டிராம் போனால் அடுத்தது வரும்.

ஷாக் அடிக்கும் கதவு

ஜனவரியில் புதுசாக ஒரு தொல்லை ஆரம்பித்தது. கதவுக் கைப்பிடியைத் தொட்டால் ஷாக். லிஃப்ட் பட்டனைத் தொட்டால் ஷாக். ஒருமுறை கூடப் படிக்கிறவன் கை கொடுத்தான், ரெண்டு பேரும் துள்ளி விலகினோம். அறையில் வயரிங் கோளாறு என்றே நினைத்தேன்.

அக்காவிடம் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள். "போய் ரிஸ்ட் ஸ்ட்ராப் கட்டிக்கோ."

பிறகு வகுப்பு எடுத்தாள். அவள் ஹாலுக்குள் நுழையும்போது ஒரு தகட்டில் ஏறி நின்று பட்டனை அழுத்த வேண்டும். பச்சை எரிந்தால்தான் உள்ளே போகலாம். மணிக்கட்டில் பட்டை, காலில் அதற்கான செருப்பு. நம்ம உடம்பில் சேர்கிற நிலைமின்சாரம் விரல் வழியாக போர்டில் இறங்கினால் சிப் போய்விடும். நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. "காத்து காய்ஞ்சு போனா சார்ஜ் இறங்க வழி இல்லாம உடம்புலயே நிக்கும்டா. அதுக்குத்தான் எங்க ஹால்ல ஈரப்பதத்தை மீட்டர் வச்சுப் பாத்துக்கினே இருப்பாங்க."

நம்ம ஊர்க் காற்று பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிற காற்று. அங்கே மைனஸ் பதினைந்தில் இருக்கிற காற்றில் ஈரமே கிடையாது. அதை உள்ளே இழுத்து இருபது டிகிரிக்குச் சூடாக்கினால் பாலைவனம்தான். உதடு வெடிக்கும், மூக்கில் ரத்தம்கூட எட்டிப் பார்க்கும், கை பனைமட்டையாகிவிடும். எம்.எஸ்சி. இயற்பியல் படித்தவனும் சொல்லாததை லைனில் நிற்கிற அக்கா ரெண்டு நிமிஷத்தில் சொல்லிவிட்டாள். வழி என்னவென்றால், முதலில் சாவியால் உலோகத்தைத் தொடு, பிறகு கையை வை. ஈரத் துண்டை ஹீட்டர் மேல் போட்டு வை. தேங்காய் எண்ணெய் பாட்டிலையும் அங்கேயே வை, இல்லாவிட்டால் அது ஏப்ரல் வரைக்கும் கல்தான்.

அறைக்குள் குளிருமோ என்று பயப்படாதே. ஜன்னலுக்கே ரெண்டு மூன்று அடுக்குக் கண்ணாடி. நான் அங்கே போய்ச் சேர்ந்த வருஷம் மின்சார விலை எகிறிப்போய், ஆளுக்கு ஒரு டிகிரி குறைப்போம் என்று நாடு முழுக்கப் பிரச்சாரம் நடந்தது. அப்போதும் உள்ளே டி-ஷர்ட்தான். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போகிற ஊர் அது. அந்த ஒரு விஷயத்தில் அம்மாவுக்கு பின்லாந்துக்காரர்கள் மேல் பெரிய மரியாதை.

சானாவை விட்டுவிடாதே. மாணவர் குடியிருப்பில் வாரத்துக்கு ஒருமுறை முறை வரும். எண்பது டிகிரியில் உட்கார்ந்து, சூடான கல்லில் தண்ணீர் ஊற்றினால் ஆவி முதுகில் அறையும். இரண்டு மாதத்துக்குப் பிறகு முதன்முதலாக வியர்த்தபோது எனக்குக் கத்திரி வெயிலில் சிங்கபெருமாள் கோவில் ரோட்டில் பைக் ஓட்டின ஞாபகம் வந்தது. அந்த வெயிலையா இத்தனை வருஷம் திட்டினோம்!

ராமானுஜனின் போர்வை

டிசம்பர் 22, வருஷத்திலேயே பகல் ஆகச் சுருங்குகிற நாட்களில் ஒன்று. அன்றைக்குத்தான் 1887இல் கணித மேதை ராமானுஜன் பிறந்தார். ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த உடையவரின் பெயர்தான் அவருக்கும். அந்த நாளில் மத்தியானம் மூன்று மணி இருட்டில் உட்கார்ந்துகொண்டு அவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

1914இல் கேம்பிரிட்ஜ் போனார். குளிர்காலத்தில் அவரைப் பார்க்க மஹலனோபிஸ் போயிருக்கிறார், பின்னால் இந்தியப் புள்ளியியலுக்கே பெயர் வாங்கித் தந்தவர். ராத்திரியில் குளிர் தாங்கவில்லை, ஓவர்கோட்டைப் போட்டுச் சால்வையைச் சுற்றிக்கொண்டு படுக்கிறேன் என்று ராமானுஜன் சொன்னாராம். மஹலனோபிஸ் கட்டிலைப் பார்த்தார். கம்பளிகள் இருந்தன. விளிம்பெல்லாம் மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகியிருந்தது, அதற்கு மேலே விரிப்பு. அதைப் பிரித்து உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியாது. கம்பளிகளுக்கு மேலே, விரிப்புக்கு அடியில் படுத்திருந்தார்.

இந்தச் சம்பவத்தைச் சொல்லிச் சிரிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முடிவிலியோடு பேசிப் பழகியவருக்கும் போர்வை எங்கே இருக்கிறது என்று ஒருத்தர் காட்ட வேண்டியிருந்தது. கம்பளி இல்லாமல் அவர் குளிரில் கிடக்கவில்லை. ஹேண்டோவர் இல்லாமல் கிடந்தார். 1917இல் உடம்பு கெட்டு, 1919இல் ஊர் திரும்பி, மறு வருஷம் 32 வயதில் போய்விட்டார். அந்த நோய்க்குக் காரணம் குளிர் என்று நான் சொல்லவில்லை. தெரியாததைக் கேட்கக் கூச்சப்படாதே என்று மட்டும் சொல்கிறேன்.

ரெண்டு மெழுகுவர்த்தி

2022இல் கார்த்திகை தீபம் டிசம்பர் 6ஆம் தேதி வந்தது. பின்லாந்துக்குச் சுதந்திர தினமும் டிசம்பர் 6தான், 1917இல் வாங்கியது. ஊரில் ஆறரைக்கு அம்மா வாசலில் அகல் வைத்து வீடியோவில் காட்டினாள். எனக்கு மணி மூன்று. ஜன்னலுக்கு வெளியே சூரியன் மரங்களுக்கு நடுவே இறங்கிக்கொண்டிருந்தது. ஊரில் விளக்கேற்றுகிற நேரமும் எனக்குப் பொழுது சாய்கிற நேரமும் ஒன்றாக இருந்தது அன்றைக்கு ஏனோ பெரிய ஆறுதலாக இருந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எதிர் பிளாட்டில் ஒரு ஜன்னலில் ரெண்டு மெழுகுவர்த்தி. பக்கத்து ஜன்னலில் ரெண்டு. மேல் மாடியில் ரெண்டு. சுதந்திர தினத்துக்கு அது அவர்கள் வழக்கம். நானும் ரெண்டு ஏற்றினேன். தூங்கப் போகும் முன் கூப்பிட்ட அம்மாவுக்குப் போனைத் திருப்பிக் காட்டினேன். அவள் எதிர் ஜன்னல்களையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அந்த வீட்லயும் ஏத்தியிருக்காங்களே. அவங்களும் நம்மாளுங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

லாக் புக்

சரி, ஸ்வெட்டர் கேள்விக்கு வருகிறேன். ஒன்று போதும், ஏறும்போது போட்டுக்கொள்ள. மீதிப் பெட்டியில் மிளகாய்த் தூளும் புளியும் வை. உடம்போடு ஒட்டுகிற கம்பளி உள்ளாடை, நடுவில் ஒரு ஸ்வெட்டர், மேலே காற்று புகாத ஜாக்கெட் என்று மூன்று அடுக்கு. உள்ளே பருத்தி வேண்டாம், வியர்வையில் ஊறிச் சில்லிட்டுவிடும். எல்லாம் அங்கே பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். அந்த ஊர்க்காரர்களே வாங்குவார்கள், யாரும் ஒரு மாதிரிப் பார்க்க மாட்டார்கள். மைனஸ் இருபதில் போனை வெளியே எடுக்காதே, நாற்பது சதவீதத்தில் இருக்கும்போதே செத்துப்போகும். உள் பாக்கெட்டில் வை.

ஜாக்கெட் மட்டும் வாங்காதே. காரணம் இருக்கிறது.

எனக்கு அதைக் கொடுத்தவர் ஒரு நேபாளத்து சீனியர். படிப்பு முடிந்து வேறு ஊருக்குப் போகும்போது, "இது எனக்கும் ஒருத்தர் கொடுத்ததுதான்" என்று நீட்டினார். கருநீலம், என்னைப் போல் ஒன்றரை ஆள் அளவு. இடது பாக்கெட்டில் கை விடச் சொன்னார். கயிற்றில் கட்டிய சின்ன பிளாஸ்டிக் வில்லை ஒன்று இருந்தது. ரிஃப்ளெக்டர். இருட்டில் நடக்கிறவன் அதை மாட்டியிருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அதைக் கண்டுபிடித்ததும் அந்த நாட்டுக்காரர்தான். கறுப்புச் சட்டை போட்டவன் கார்க்காரர் கண்ணில் 50 மீட்டரில்தான் படுவான். அது ஆடினால் 150 மீட்டரிலேயே தெரிவான். நைட் முடிந்து வண்டலூர்–வாலாஜாபாத் ரோட்டோரமாக நடந்து போகிற நம்ம ஆட்களை நினைக்கும்போதெல்லாம் ஆளுக்கு ஒன்று மாட்டிவிடலாம் போலிருக்கும்.

இரண்டாவது வருஷம் அந்தக் கயிறு அறுந்துபோனது. ஒரகடத்தில் போட்டுக்கொண்டிருந்த ஐ.டி. கார்டு கயிறு பெட்டிக்கு அடியில் கிடந்தது. அதில் ஒரு சாண் வெட்டி முடிச்சுப் போட்டேன்.

நான் வேலைக்கு வேறு ஊர் வந்தபோது ஜாக்கெட்டை ஜூனியர் ஒருவனிடம் கொடுத்தேன். நீ போய்ச் சேரும்போது அவனும் படிப்பை முடித்திருப்பான். உன் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறேன். ஹெர்வாந்தாவில் போய் வாங்கிக்கொள். இடது பாக்கெட்டில் கை விட்டுப் பார். கயிறு எந்தக் கம்பெனி என்று உனக்கே தெரியும்.